சீட்டில் இல்லாத கறுப்புப் பொடி

மருந்துக்கடை மேசைக்கு உள்பக்கம் நிற்க வந்திருப்பவர்கள் நீங்கள். அளக்கவும் கலக்கவும் உங்களுக்கு நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மேசைக்கு வெளிப்பக்கம் நின்ற ஒரு மனிதர் ஒருநாள் என்னிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். நான் பாதி பதில் சொன்னேன். அந்தப் பாதி பதிலை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

சமஸ்தான காலத்து மைசூர். தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்புறத் தெருவில் நான் வேலை பார்த்த கடை. என் அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து அரக்கோணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நான் கல்லூரியில் ரசாயனம் படித்து, சென்னையில் மருந்து கலக்கும் தொழிலைக் கற்று, முப்பது வயதுக்குள் அந்தக் கடையில் பொறுப்பான ஆளாகிவிட்டேன். தெருவில் சிலர் என்னைச் சின்ன டாக்டர் என்று கூப்பிடுவார்கள். நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

பெரிய டாக்டர் எதிர்வரிசையில் இருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் நீண்ட காலம் இருந்து ஓய்வு பெற்றவர். கன்னடக்காரர், சென்னையில் படித்ததால் எங்களோடு தமிழிலேயே பேசுவார். நல்ல கைராசி, பொல்லாத கோபம். 'வயிறு ஒரு மாதிரி இருக்கு' என்று யாராவது சொன்னால், "ஒரு மாதிரின்னா எந்த மாதிரி? சரியாச் சொல்லு!" என்று அதட்டுவார். அதனால் நோயாளிகள் அவரிடம் பாதியைச் சொல்லிவிட்டு, மீதியைத் தெருவைத் தாண்டி என்னிடம் வந்து சொல்வார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. ஒரு நோயாளியின் கதை இரண்டாகப் பிரிந்து இரண்டு பேரிடம் போவதில் இருக்கும் ஆபத்து எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தாலுகாவுக்கு அதிகாரியான அமல்தாராக இருந்து ஓய்வு பெற்ற ஐயங்கார் ஒருவர் அக்ரஹாரத்தில் இருந்தார். பூர்வீகம் மேல்கோட்டை. எல்லோரும் அவரை அமல்தார் என்றே சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அவர் மனைவிக்கு இதயம் தளர்ந்துபோயிருந்தது. கால்கள் வீங்கி, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடியே உறங்குவார். டாக்டர் அவருக்கு டிஜிட்டாலிஸ் மிக்சர் எழுதினார். அது ஒரு சீமைச் செடியின் இலையிலிருந்து எடுப்பது. தளர்ந்த இதயத்தை நிதானமாகவும் பலமாகவும் அடிக்க வைக்கும். அளவு கொஞ்சம் மிஞ்சினால் அதே இதயத்தை நிறுத்தியும் விடும். எங்கள் அலமாரியில் நான் பயந்து தொட்ட சில சீசாக்களில் அது ஒன்று.

முதல் சீட்டைக் கொண்டுவந்தபோதே அமல்தார் சொல்லிவிட்டார்.

"பங்குனியில மேல்கோட்டையில வைரமுடி உற்சவம். செல்லப்பிள்ளைப் பெருமாளை வைரமுடியோட ஒரு தரம் சேவிச்சுட்டேன்னா போதும்கறா. பஸ்ஸுல கூட்டிண்டு போயிடுவேன். ஆனா அந்தக் கூட்டத்துல நிக்க மூச்சு வேணுமே. உன் மருந்து அவளை நிக்க வெச்சுடுமோ?"

"வெச்சுடும் சாமி. கவலைப்படாதீங்க."

"மிக்சர்ல சக்கரைப் பாகு போடுவியோ?"

"போடுவேன். இல்லேன்னா கசப்பு தாங்காதே."

"போடாதேப்பா. வெள்ளைச் சக்கரை எங்காத்து வாசப்படி தாண்டாது. எலும்புக் கரியில வடிகட்டித்தான் வெளுக்கறான்னு யாரோ அவகிட்ட சொல்லிட்டா. அன்னிலேர்ந்து காப்பிக்குக்கூட வெல்லம்தான். நான் வெளியில எங்கயாவது சக்கரை போட்டுக் குடிச்சுட்டு வந்தா மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சுடறா. அமல்தாரா இருந்தப்போ என்கிட்ட யாரும் பொய் சொல்ல முடியாது. ஆத்துல என் கதை வேற!"

"அப்போ தேன் போடறேன்."

"தேன் போடு. தேனீக்கு ஆசாரம் ஜாஸ்தி, பூவைத் தவிர எதுலயும் உக்காராது," என்று சிரித்துக்கொண்டே போனார்.

இந்தப் பேச்சை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நினைவிருந்தும் நான் அதை மதிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அமல்தார் சீசாவோடு வந்தார். மனைவிக்கு வயிறு உப்புசம், சாதத்தைப் பார்த்தாலே குமட்டல். டாக்டரிடம் சொன்னால் கத்துவார் என்று அந்த அம்மா சொல்ல மறுக்கிறார்.

"நீயே ஏதாவது கொடேன். உன் பேர் சொல்லித்தான் அனுப்பினா. அந்தப் பிள்ளை பதவிசா பேசறான், அவனைக் கேளுங்கோன்னா."

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. உள்ளே போய், வெளிநாட்டு டப்பா ஒன்றிலிருந்து கறுப்புப் பொடியைப் பொட்டலங்களாக மடித்துக்கொண்டு வந்தேன். அமல்தார் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார்.

"மை மாதிரி இருக்கே. என்னப்பா இது?"

இதுதான் அந்தக் கேள்வி.

"கரிப் பொடி சாமி. வயித்துல இருக்கற காத்தை இழுத்துடும். மிக்சர் குடிச்ச உடனே மோர்ல கலக்கிக் குடிக்கச் சொல்லுங்க."

நான் பொய் சொல்லவில்லை. அது கரிதான். ஆனால் எலும்பைச் சுட்டு, கழுவி, மறுபடி சூடேற்றி, உறிஞ்சும் சக்தியைக் கூட்டிய கரி. அந்தக் காலத்தில் எங்கள் கடைக்கு வந்த மருந்துக் கரி அது ஒன்றுதான். எலும்பு என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. வெல்லக் காப்பி நினைவுக்கு வந்தது. சொன்னால் வாங்கமாட்டார், அந்த அம்மாவின் வயிறும் ஆறாது, என் பேரும் போய்விடும். எங்கள் வீட்டில் கோழியும் உண்டு, மீனும் உண்டு. நெருப்பில் வெந்து கரியானபின் எலும்பாவது விறகாவது என்றுதான் எனக்குத் தோன்றியது. மருந்துக்கு என்ன ஆசாரம் என்று அவருக்குப் பதிலாக நானே முடிவு செய்துவிட்டேன்.

இது முதல் தவறு. இரண்டாவது தவறு இதைவிட மோசம். ஏனென்றால் முதல் தவறு ஆசாரத்தை மதிக்காதவன் செய்தது. இரண்டாவதை, ரசாயனம் தெரிந்தவன் செய்தான்.

கல்லூரியில் எங்கள் ஆசிரியர் ஒருநாள் சிவப்பு மையைத் தண்ணீரில் கலந்து, கரித்தூள் நிரப்பிய குழாயின் வழியே ஊற்றினார். கீழே சுத்தமான தண்ணீராகச் சொட்டியது. மை எங்கே போனது? கரியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டது. ஒரு சிட்டிகைக் கரியை விரித்தால் அதன் உள் மடிப்புகளும் துளைகளும் சேர்ந்து ஒரு பெரிய மைதானம் அளவு பரப்பு இருக்கும் என்றார் அவர். பக்கத்தில் வருவது சாயமா, நாற்றமா, விஷமா என்று அது பார்ப்பதில்லை. ஒட்டுவதை எல்லாம் பிடித்துக்கொள்ளும் என்றார். வகுப்பில் கை தட்டியவர்களில் நானும் ஒருவன். அதே நான்தான் டிஜிட்டாலிஸைக் குடித்த உடனே கரியைக் குடி என்று சொல்லி அனுப்பினேன். வயிற்றுக்குள் போன மருந்து ரத்தத்தில் சேர்வதற்கு முன்பே கரி அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, குடல் வழியாக அப்படியே வெளியே கொண்டுபோய்விடும். குழாயில் பார்த்ததை வயிற்றில் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மூன்று நாளில் அமல்தார் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"மந்திரம் போட்டாப்பல நின்னுடுத்துப்பா! குமட்டல் இல்லை, உப்புசம் இல்லை. இன்னும் பத்து நாளைக்கு மடிச்சுக் கொடு."

குமட்டல் நிற்காமல் என்ன செய்யும்? குமட்டலில் பாதி அந்த மருந்தால் வந்தது. மருந்தே உள்ளே சேராதபோது குமட்டல் எங்கிருந்து வரும்? ஆனால் அன்று நான் அந்தச் சிரிப்பை முழுதாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

கால் வீக்கம் இறங்கவில்லை. டாக்டர் பார்த்தார், அளவை இரட்டித்தார். சில வாரங்கள் கழித்தும் அப்படியே. மறுபடி கூட்டினார். மூன்றாவது சீட்டு வந்தபோது அவரே தெருவைத் தாண்டி கடைக்கு வந்து நின்றார்.

"ஏனய்யா, உன் டிஜிட்டாலிஸ் ஹளசலா? பழைய சரக்கை ஊத்தறயா? இந்த அளவுக்கு ஒரு குதிரைக்கே நாடி இறங்கியிருக்கணும். அந்தம்மாவுக்கு அசையவே இல்லை."

"புது சீசா சார். போன வாரம்தான் உடைச்சேன். நீங்களே பாருங்க," என்றேன். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சரக்கைக் குறை சொல்கிறாரே என்றுதான் நினைத்தேனே தவிர, அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். முதலில் எழுதியதைப் போல மூன்று மடங்கு மருந்தை நான் என் கையாலேயே, தேன் விட்டுக் கலந்தேன்.

அதற்கடுத்த முறை அமல்தார் மிக்சரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

"பொடி வேண்டாமா சாமி?"

"வேண்டாம்ப்பா," என்றார். முகத்தைப் பார்க்கவில்லை. நான் வீட்டில் மிச்சம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு அடுத்த ஆளைக் கவனித்தேன். ஏன் வேண்டாம் என்று கேட்டிருக்கலாம். கூட்டம்கூட இல்லை அன்று.

ஏழெட்டு நாள் போயிருக்கும். முற்பகல் வேளை. அமல்தார் வந்து நின்றார். சவரம் செய்யாத முகம்.

"காமாலைக்கு ஏதாவது வெச்சிருக்கியோ? கீழாநெல்லி கொடுத்துண்டிருக்கோம். கேக்கலை."

"யாருக்கு சாமி?"

"அவளுக்குத்தான். கண்ணு வெளுப்பாத்தான் இருக்கு. ஆனா பாக்கறதெல்லாம் மஞ்சளாத் தெரியறதாம். சாதம் மஞ்சள், சுவர் மஞ்சள். நேத்து என் நெத்தியப் பாத்து, திருமண்ணை ஏன் மஞ்சள்ல இட்டுண்டிருக்கேள்னு கேக்கறா. வாந்தி வேற. தீர்த்தம்கூட நிக்கமாட்டேங்கறது."

கையில் இருந்த கண்ணாடி அளவைக் குவளையை மேசையில் வைத்துவிட்டேன். வெள்ளையெல்லாம் மஞ்சளாகத் தெரிவது டிஜிட்டாலிஸ் விஷத்தின் அடையாளம். புத்தகத்தில் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். ஒரு மனிதர் வாயிலிருந்து அதை நான் கேட்டது அதுவே முதல் தடவை.

"சாமி, அந்தக் கறுப்புப் பொடி..."

"அதை நிறுத்தியாச்சு." அவர் குரல் இறங்கிவிட்டது. "அவ மருமான் வந்திருந்தான். வடக்கே ஏதோ சக்கரை ஆலையில ரசாயனம் பாக்கறவன். பொட்டலத்தைப் பாத்தவுடனே, அத்தை, இது எங்க ஆலையில சக்கரையை வெளுக்கற சரக்கு, எலும்புக் கரின்னு சொல்லிட்டான். அவனுக்கென்ன தெரியும், விளையாட்டாச் சொன்னான். அவ அப்படியே எழுந்து போய் தலையோட ஸ்நானம் பண்ணினா. பஞ்சகவ்யம் சாப்பிட்டா. ஒருநாள் பூரா பட்டினி கிடந்தா. அவளுக்குத் தெரியாம நான் உன்னைக் கேக்க வரலாம்னு பாத்தேன்... எப்படிப்பா கேக்கறது? நல்ல பிள்ளையாச்சே நீ."

"மிக்சர்?"

"அதை விடலை. டாக்டர் மருந்து வேறேன்னு நான்தான் வற்புறுத்திக் கொடுத்துண்டிருக்கேன். தினம் மூணு வேளையும்."

மூன்று மடங்கு மருந்து. பிடித்து வைத்துக்கொள்ளக் கரி இல்லை. எட்டு நாளாக அத்தனையும் ரத்தத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. அதை அன்புள்ள கணவர் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்திருக்கிறார். அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தெருவைத் தாண்டி ஓடினேன்.

டாக்டர் ஒரு நோயாளியின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதலில் என்ன சொன்னேன் தெரியுமா? "அமல்தார் வீட்டம்மாவுக்கு டிஜிட்டாலிஸ் அதிகமாயிடுச்சோன்னு தோணுது சார்," என்றேன். அவ்வளவுதான். கரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஓட்டத்திலும் என் மனம் நான் தப்பிக்க ஒரு சந்து தேடி வைத்திருந்தது.

"அதிகமா? அந்தம்மாவுக்கா?" என்று அவர் திரும்பினார். "இன்னும் கூட்டணும்னு நான் யோசிச்சிட்டிருக்கேன். எத்தனை வாரமா கொடுக்கறேன், எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லை. போய் உன் வேலையப் பாரு."

இன்னும் கூட்டணும். அந்தச் சொல் அந்தச் சந்தின் வாயை அடைத்தது. சொல்லிவிட்டேன். பொடி கொடுத்தது, மிக்சர் குடித்ததும் குடிக்கச் சொன்னது, அது என்ன கரி என்பது, அவர்கள் எப்போது நிறுத்தினார்கள், கண்ணுக்கு மஞ்சள் தெரிவது, எல்லாம். காத்திருந்த நோயாளிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"ஹௌதா? அப்படியா?" என்றார், தனக்குத்தானே கேட்டுக்கொள்வது போல. "அப்போ நான் முதல் நாள் எழுதினதே சரியான அளவு. இந்நேரம் அந்தம்மா எழுந்து நடமாடியிருப்பா." பிறகு, "நான் இந்தப் பக்கம் ஊத்திட்டே இருந்தேன். நீ அந்தப் பக்கம் உறிஞ்சிட்டே இருந்தே. நடுவுல அந்தம்மா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்னய்யா பயம்?" என்றார்.

அவர் எழுந்துகொண்டே, "அந்தக் கரி டப்பாவை எடு. குடல்ல மிச்சம் இருக்கறதையாவது அது பிடிக்கட்டும். வண்டியக் கூப்பிடு," என்றார்.

ஜட்காவில் மூவரும் போனோம். அமல்தார் என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை. எங்கள் முகங்களே சொல்லியிருக்கும்.

அந்த அம்மா கூடத்தில் சுவரில் சாய்ந்திருந்தார். உதடு வறண்டு வெளுத்திருந்தது. டாக்டர் மணிக்கட்டைப் பிடித்து நின்றார். நாடி நாலு அடித்தது, ஒன்று தவறியது, பிறகு நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் டாக்டரின் கண் என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை என்னால் இன்றும் விவரிக்க முடியாது.

"அம்மா, மிக்சரை இந்த நிமிஷமே நிறுத்தணும். உள்ளே போன மருந்து விஷமாயிடுத்து. இந்தக் கரியைத் தண்ணியில கலந்து குடிங்க. அதைப் பிடிச்சுக்கும்," என்றார் டாக்டர்.

அந்த அம்மா கண்ணைத் திறந்து டப்பாவைப் பார்த்தார். பிறகு வாசலருகே நின்ற என்னைப் பார்த்தார். அதுவரை நான் அவரிடம் நேராகப் பேசியதே இல்லை.

"நீதானா அந்தப் பிள்ளை? நீயே சொல்லு. அது என்னது?"

அமல்தார் என் பக்கத்தில்தான் நின்றார். காதோரமாக, "இல்லேன்னு சொல்லிடு. விறகுக் கரின்னு சொல்லிடு. பாவத்தை நான் ஏத்துக்கறேன்," என்றார். டாக்டரோ நாடியை விடாமல் நின்றார்.

பொய் சொல்லியிருந்தால் அவர் உடனே குடித்திருப்பார். உங்களில் பலர் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்பீர்கள். நானும் பல இரவு அப்படி நினைத்ததுண்டு. ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பாதி பதில் எனக்கு வரவில்லை.

"எலும்புக் கரிதாம்மா. தெரிஞ்சேதான் கொடுத்தேன். உங்ககிட்ட சொல்லலை. என்னை மன்னிச்சுடுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கொண்டு போயிடு. பிராணன் போறதுன்னா போகட்டும். பெருமாள்கிட்ட அதோட போகமாட்டேன்."

டாக்டர் கன்னடத்தில் கெஞ்சினார், தமிழில் அதட்டினார். அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அமல்தார் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது பின்கட்டிலிருந்து புகை வாசனை வந்தது. அந்த வீட்டு மருமகள் வெந்நீர் அடுப்பை மூட்டியிருந்தார். தேங்காய்ச் சிரட்டை எரியும் வாசனை. நான் கேட்காமல் கொல்லைப்பக்கம் ஓடினேன். குளிக்கும் அறையின் சுவரோரம் இடுப்பளவுக்குச் சிரட்டைக் குவியல். அடுப்பிலும் அதுதான் சிவந்து எரிந்துகொண்டிருந்தது. கரிகளிலேயே சிரட்டைக் கரி உறிஞ்சுவதில் நல்லது என்று எனக்குத் தெரியும். இத்தனை வாரமாக, இவர்கள் வீட்டிலேயே, இவர்கள் கை பட்டே, குற்றமில்லாத கரி தினமும் சாம்பலாகிக்கொண்டிருந்தது. வயிற்றுக்குக் கரி வேண்டும் என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எதிலிருந்து செய்த கரி என்று அமல்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இந்தக் குவியல் அன்றே பேச்சில் வந்திருக்கும்.

என் கை பட்டால் அந்த அம்மா குடிக்கமாட்டார். நான் தள்ளி நின்று சொல்லச் சொல்ல மருமகள் செய்தார். நன்றாகச் சிவந்த சிரட்டைகளைப் பானையில் போட்டு, காற்றுப் புகாமல் மூடி, ஆறவிட்டு, உரலில் மாவாக இடித்து, துணியில் சலித்தார். வீட்டுக் கரிக்கு டப்பாக் கரியின் சக்தி கிடையாது. அதனால் நிறையக் கொடுக்க வேண்டும், விட்டு விட்டுக் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். மாமியாரின் முன்னாலேயே மருமகள் அதைத் தண்ணீரில் கரைத்தார்.

"நம்மாத்து அடுப்புதாம்மா. நானே இடிச்சேன்."

அவர் குடித்தார். கொஞ்சம் வெளியே வந்தது. மறுபடி குடித்தார். சாயங்காலம் வரை டாக்டர் அந்தக் கூடத்தை விட்டு நகரவில்லை. நான் நடையில் நின்றிருந்தேன். வேறு யாருக்கும் மருந்து கலக்க அன்று என் கைகள் உதவியிருக்காது.

அந்த அம்மா பிழைத்தார். நாலைந்து நாளில் நாடி சீரானது. திருமண் அவர் கண்ணுக்கு மறுபடி வெள்ளையாகத் தெரிந்தது. அமல்தார் கடைக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லிவிட்டுப் போனார். என்னைத் திட்ட அவருக்குத் தோன்றவே இல்லை. கடை முதலாளியிடம் டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார், நான் எதிரில் இருக்கும்போதே சொன்னார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இத்தோடு முடிந்திருந்தால் இது நான் உங்களுக்குச் சிரித்துக்கொண்டே சொல்லும் கதையாகியிருக்கும்.

விஷம் முழுதாக இறங்கியபின் டாக்டர் மறுபடி டிஜிட்டாலிஸ் எழுதினார். முதல் நாள் எழுதிய அதே சின்ன அளவு. கரி இல்லாமல் கொடுத்தால் அது நிச்சயம் வேலை செய்யும். இப்போது எங்களுக்குச் சந்தேகமே இல்லை. பங்குனிக்கும் நாள் இருந்தது. நான் கலந்து, தேன் விட்டு, தக்கையை அரக்கு வைத்து மூடி, நானே எடுத்துக்கொண்டு டாக்டரோடு போனேன்.

அந்த அம்மா சீசாவைத் தொடவில்லை. கை கூப்பினார்.

"உன் மேல எனக்குக் கோபம் இல்லைப்பா. கேட்டவுடனே நிஜத்தைச் சொன்னே. ஆனா மருந்து வேண்டாம்."

"இது வெறும் இலைம்மா," என்றார் டாக்டர். அவர் அவ்வளவு மெல்லப் பேசி நான் கேட்டதில்லை. "செடியோட இலை. வேற ஒண்ணுமே இல்லை. நான் சத்தியம் பண்றேன்."

"நீங்க இலைங்கறேள். அவனும் கரின்னுதான் சொன்னான். ரெண்டு பேரும் பொய் சொல்லலை. சீசாவுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்க எனக்குக் கண் இல்லை. சொல்றவா வார்த்தையத்தான் குடிக்கணும். இனிமே அது என் தொண்டையில இறங்காது."

நாங்கள் சீசாவை அமல்தாரிடம் கொடுத்துவிட்டு வந்தோம். எப்படியாவது மனசு மாறும் என்றார். நானும் நம்பினேன். வாரத்துக்கு ஒருமுறை போய் நடையில் நின்று கேட்பேன். துளசித் தீர்த்தம் மட்டும் போதும் என்று பதில் வரும். வீக்கம் முழங்காலைத் தாண்டியது. பிறகு இடுப்பு. டாக்டர் ஒவ்வொரு முறையும் தெருவைத் தாண்டி வந்து என்னிடம் நாடி எப்படி இருந்தது என்று சொல்வார்.

கரி பிடித்துக்கொண்டதில் மருந்து மட்டும் இல்லை என்பது எனக்கு அந்த வாரங்களில்தான் விளங்கியது. மருந்தை மறுபடி கலந்துவிடலாம். நான் சொல்வதை அந்த அம்மா நம்பி வாயைத் திறந்தாரே, அதைக் கலக்க எங்கள் அலமாரியில் எந்தச் சீசாவும் இல்லை.

அதன்பின் தொழிலில் இருந்த வருஷமெல்லாம் எந்த மருந்தைக் கொடுத்தாலும், இதோடு வேறு என்ன சாப்பிடுகிறீர்கள், யார் கொடுத்தது, எதில் கலந்து என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தேன். இது எதிலிருந்து செய்தது என்று அவர்கள் கேட்காமலே சொன்னேன். சிலர் சிரித்தார்கள், சிலர் வாங்காமலே போனார்கள். நோயாளி டாக்டரிடம் சொல்லப் பயந்ததை என்னிடம் சொன்னால், அவரையும் அழைத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன். நீங்களும் தாண்டுங்கள். திட்டு வாங்குவது பெரிய விஷயமே இல்லை.

வைரமுடிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அந்த அம்மா போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின் அமல்தார் கடைக்கு வந்தார். தலை மழித்திருந்தது. மேல்துண்டுக்குள்ளிருந்து அந்தச் சீசாவை எடுத்து மேசைமேல் வைத்தார். தக்கையின் மேல் நான் வைத்த அரக்கு அப்படியே இருந்தது. என் கட்டைவிரல் ரேகைகூட அதில் பதிந்திருந்தது.

"தொடவே இல்லைப்பா. கீழே ஊத்திடாதே. நல்ல மருந்துன்னு டாக்டர் சொன்னார். வேற யாருக்காவது ஆகும்."

"ஆகட்டும் சாமி," என்றேன்.

அவர் படியிறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சீசாவைக் கையில் எடுத்தேன். உள்ளே இருந்தது, டாக்டர் முதல் நாள் எழுதிய அளவு.